டெசிபலில் அளக்கும் அபிஷேகம்

மனதுக்குள் ஜெபிக்கிறவன் பிரசங்க மேடை ஏறினால் அவன் பேச்சில் வல்லமை இருக்காது. சத்தமிட்டு ஜெபிக்கிறவனுக்கே அக்கினி நாவு கிடைக்கும். கிறிஸ்தவ மாத இதழ் ஒன்றில் மூத்த ஊழியர் ஒருவர் எழுதிய கட்டுரையின் சாரம் இதுதான். அமைதியாக ஜெபிக்கும் சபைகளைக் கல்லறைத் தோட்டம் என்றும் வர்ணித்திருக்கிறார். வேதத்தைக் கையில் வைத்துக்கொண்டுதான் எழுதினாராம். கையில் வைத்திருந்தார், சரி. திறந்தாரா?

முதல் சாட்சியாக எரிகோவை இழுத்து வருகிறார். ஆர்ப்பரித்ததால்தானே மதில் விழுந்தது என்கிறார். யோசுவா 6-ம் அதிகாரத்தில் அந்த ஆர்ப்பரிப்பு வருவது 20-ம் வசனத்தில். 10-ம் வசனத்தை ஏன் தாண்டிப் போனார்? நான் சொல்லும் நாள்வரை உங்களில் ஒருவர் வாயிலிருந்தும் ஒரு சொல் வரக்கூடாது என்று ஜனங்களுக்கு யோசுவா கட்டளையிடுவது அங்கேதான். ஆசாரியர்கள் எக்காளம் ஊதினார்கள். ஜனங்களோ ஆறு நாளும் வாயை மூடிக்கொண்டு அந்த மதிலைச் சுற்றினார்கள். ஏழாம் நாள், ஏழாம் சுற்றில், ஒரே ஒரு முழக்கம். இவர் முழக்கத்தை மட்டும் எடுத்துக்கொண்டு ஆறு நாளை விழுங்கிவிட்டார்.

அடுத்தது அப்போஸ்தலர் 4. சீஷர்கள் ஒருமனமாய்ச் சத்தமிட்டு ஜெபித்தார்கள், இடம் அசைந்தது. உண்மை. ஆனால் அவர்கள் கேட்டது என்ன? ஆலோசனைச் சங்கத்தாரின் மிரட்டலுக்கு நடுவே வசனத்தைத் தைரியமாய்ச் சொல்லும் பலத்தை. கேட்டது கிடைத்தது. அதே புத்தகத்தில் ஆறு அதிகாரம் தள்ளி, யோப்பாவில் பேதுரு நண்பகல் வேளையில் வீட்டு மாடிக்கு ஏறி ஜெபிக்கிறார். பக்கத்தில் கூட்டம் இல்லை, கோஷம் இல்லை. அங்கே பெற்றதைத்தான் செசரியாவில் கொர்நேலியு வீட்டில் பேசினார். பேசி முடிப்பதற்குள்ளேயே கேட்டவர்கள்மேல் பரிசுத்த ஆவி இறங்கினார். பேச்சில் வல்லமை என்றால் அதைவிட வேறென்ன வேண்டும்?

கர்மேல் பர்வதத்தின் பக்கம் கட்டுரையாளர் தலைவைத்தும் படுக்கவில்லை. காரணம் தெரிந்ததே. அங்கே காலையிலிருந்து தொண்டை கிழியக் கத்தியவர்கள் பாகாலின் 450 தீர்க்கதரிசிகள். இன்னும் உரக்கக் கூப்பிடுங்கள் என்று எலியா அவர்களைக் கேலி செய்தார். எலியாவின் ஜெபம் இரண்டே வசனம். அக்கினி எந்தப் பக்கம் விழுந்தது என்று ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளைக் கேட்டாலும் சொல்வார்கள்.

அன்னாளும் கட்டுரையில் இல்லை. சீலோவில் அவள் உதடுகள் மட்டும் அசைந்தன, சத்தம் கேட்கவில்லை. ஆசாரியன் ஏலி பார்த்துவிட்டு, குடித்திருக்கிறாள் என்று முடிவுகட்டினார். ஜெபத்தைக் காதால் அளந்த முதல் ஊழியர் அவராகத்தான் இருக்கும். ஆனால் அவள் விளக்கம் சொன்னதும் ஏலி தம்மைத் திருத்திக்கொண்டு ஆசீர்வதித்து அனுப்பினார். நம்மவரோ அச்சிலேயே ஏற்றிவிட்டார்.

கதவைப் பூட்டிக்கொண்டு அந்தரங்கத்தில் ஜெபிக்கச் சொன்ன இயேசுவின் போதனைக்கும் அந்தக் கட்டுரையில் இடமில்லை. கப்பர்நகூமில் நாள் முழுக்க ஊழியம் செய்த அவர், மறுநாள் இருட்டோடே எழுந்து வனாந்தரத்துக்குப் போய்த் தனியே ஜெபித்தார். அங்கிருந்துதான் கலிலேயா முழுதும் பிரசங்கிக்கப் புறப்பட்டார்.

சரி, பேச்சுக்கே வருவோம். நெகேமியா ராஜாவுக்குப் பானம் பரிமாறுகிறவர். நாள்கணக்கில் உபவாசித்து அழுதிருக்கிறார். உனக்கு என்ன வேண்டும் என்று அர்தசஷ்டா கேட்கிறார். கேள்விக்கும் பதிலுக்கும் நடுவே, ராஜா எதிரில் நிற்கும்போதே, நெகேமியா ஜெபித்துவிடுகிறார். ராஜாவுக்குக் கேட்டிருக்க வழியில்லை. அதன்பிறகு சொன்ன சில வாக்கியங்களுக்கு விடுப்பு, கடிதங்கள், மரம், குதிரைவீரர் எல்லாம் கிடைத்தன. எருசலேம் அலங்கம் 52 நாளில் எழும்பியது.

வேதத்துக்கு வெளியே வேண்டுமா? காட்டுவழியே தனியே போய் ஜெபிக்கும் வழக்கமுள்ள ஜொனத்தன் எட்வர்ட்ஸ், 1741 ஜூலை 8 அன்று அமெரிக்காவின் என்ஃபீல்டில் பிரசங்கித்தார். ஓங்கிய குரலோ கைவீச்சோ இல்லாதவர். ஜனங்கள் கதறிய கதறலில் அவர்தான் பிரசங்கத்தை நிறுத்த வேண்டியிருந்தது. நம் டோனாவூர் மிஷனரி ஏமி கார்மைக்கேல் 1931-ல் விழுந்து அடிபட்டபின், 1951-ல் மரிக்கும்வரை பெரும்பாலும் ஓர் அறைக்குள்ளேயே இருந்தார். மேடையும் மைக்கும் இல்லாத அந்தப் படுக்கையிலிருந்து அவர் எழுதியவை இன்றும் அச்சாகின்றன.

இவர் மெச்சும் வல்லமை எங்கிருந்து வருகிறது என்று தெரிய, ஒரு கன்வென்ஷனில் மேடையோரம் உட்கார்ந்து பாருங்கள். ஜெபிப்போம் என்றதும் கீபோர்டு தம்பி ஒரே கார்டை அழுத்திப் பிடிப்பார். மிக்ஸரில் இருப்பவர் எக்கோவை ஏற்றுவார். பிதாவே என்ற ஒரு சொல் நான்காகத் திரும்பி வரும். அடுத்த வாக்கியம் வராதபோதெல்லாம் ஓர் அல்லேலூயா அந்த இடத்தை அடைக்கும். கரண்ட் போய் ஜெனரேட்டர் ஓடத் தொடங்கும்வரை யார் யாருடைய அபிஷேகம் நிற்கிறது என்று கட்டுரையாளர் கவனித்துப் பார்க்கட்டும்.

துக்கத்தில் வாய்விட்டுக் கதறி ஜெபிக்கிறவரை நான் குறை சொல்லவில்லை. பர்திமேயுவும் கூப்பிட்டான், இயேசுவும் சிலுவையில் சத்தமிட்டார். அடக்க முடியாமல் வரும் கூக்குரல் வேறு, ஆவிக்குரிய அளவுகோலாக வைத்திருக்கும் கூச்சல் வேறு. கட்டுரை விற்பது இரண்டாவதை.

இந்தச் சரக்குக்கு விலை கொடுப்பது யார் தெரியுமா? திக்குவாயுள்ள வாலிபன். கணவனை இழந்து பேச்சற்றுப் பின்வரிசையில் உட்கார்ந்திருக்கும் அக்கா. வீட்டில் நான்கு மணிக்கே எழுந்து முழங்கால்படியிடும் பாட்டி. உங்களுக்கு அபிஷேகம் இல்லை என்று சபை நடுவே இவர்களுக்குத் தீர்ப்புச் சொல்லத்தான் இப்படிப்பட்ட எழுத்து உதவும். போதகர்களே, கட்டுரையை நம்பி அவர்களை முன்னால் அழைத்து, தலையில் கைவைத்து உலுக்காதீர்கள். முடிந்தால் அவர்கள் பக்கத்தில் கொஞ்ச நேரம் மண்டியிட்டுவிட்டு, அப்புறம் மேடை ஏறுங்கள்.