பயிருக்குக் காப்புறுதி, பெற்றவளுக்குப் பட்டினியா?

இந்நாட்டில் நெற்பயிருக்கு ஒரு சட்டம் உண்டு. வெள்ளம் வந்தாலும் வரட்சி வந்தாலும் கமக்காரன் நட்டப்பட்டு நடுத்தெருவில் நிற்றலாகாது என்று கருதி, 1961ஆம் ஆண்டிலேயே பயிர்க் காப்புறுதிச் சட்டம் இயற்றப்பட்டது. 1987ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம் கமக்காரருக்கு ஓய்வூதியத் திட்டமொன்றையும் வகுத்தது. நல்ல சட்டங்கள், நாம் குறை கூறவில்லை. ஆனால் அந்தப் பயிருக்குக் களை பிடுங்கியவள், வலிகாமத்துச் செம்மண்ணில் வெயிலிற் குனிந்து வெங்காயம் நட்டவள், வயிற்றிற் பிள்ளையோடு வேலைக்கு வர முடியாமற்போகும் நாளில் அவளது கூலிக்கு ஈடாக என்ன கிடைக்கிறது? ஒரு சதமும் இல்லை. பயிரைக் காக்க நினைத்த நாடு, பயிரை நட்டவளை மறந்து விட்டது.

சட்டம் யாருக்கு என்ன தருகிறது என்பதை முதலில் நோக்குவோம். அரசாங்க உத்தியோகத்திலுள்ள பெண்ணுக்குச் சம்பளத்துடன் 84 வேலை நாட்கள் பிரசவ விடுமுறை உண்டு. கடையிலும் கந்தோரிலும் வேலை செய்பவளை 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டம் காக்கிறது. தொழிற்சாலையிலும் பெருந்தோட்டத்திலும் உழைப்பவளுக்கு 1939ஆம் ஆண்டின் மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டம் இருக்கிறது. முதல் இரு பிள்ளைகளுக்கு 84 நாள், அடுத்த பிள்ளைக்கு 42 நாள் என்றிருந்த ஓரவஞ்சனையும் 2018இல் நீக்கப்பட்டது.

வயலிலும் தோட்டத்திலும் நாட்கூலிக்கு நிற்பவளின் நிலை என்ன? 1939ஆம் ஆண்டின் சட்டப்படி நன்மை பெறுவதற்கு, ஓராண்டிற்குள் ஒரே வேலைகொள்வோரிடம் 150 நாட்களேனும் வேலை செய்திருத்தல் வேண்டும். இன்று கந்தையர் தோட்டம், நாளை கணபதியார் வயல், மறுநாள் வேலையே இல்லை என்று வாழ்பவள், எந்த ஒருவரிடத்தில் 150 நாட்களை எண்ணிக் காட்டுவாள்? தற்செயலான வேலை என்று கருதப்படுவதும் அச்சட்டத்தின் வேலிக்கு வெளியேதான் நிற்கிறது. ஆண்டு முழுவதும் முதுகு முறிய உழைப்பவளின் உழைப்புக்குச் சட்டம் சூட்டிய பெயர் "தற்செயல்"!

இத்தவறு இங்கு மட்டும் பிறந்ததன்று. சர்வதேச தொழிலாளர் தாபனம் 1952இல் நிறைவேற்றிய 103ஆம் இலக்கச் சமவாயமே, பெருந்தோட்டம் அல்லாத வேளாண்மையையும் வீட்டு வேலையையும் விலக்கி வைக்க நாடுகளுக்கு வழி விட்டிருந்தது. அச்சமவாயத்தை இலங்கை 1993இல் ஏற்றது. 2000ஆம் ஆண்டின் 183ஆம் இலக்கச் சமவாயம், வேலைக்கமர்ந்த பெண்கள் அனைவருக்கும் பாதுகாப்பு வேண்டும் என்றும், அது 14 வாரங்களுக்குக் குறையலாகாது என்றும் விதித்தது. உலகம் திருத்திக்கொண்ட பிழையை நாம் ஏன் கட்டிக் காக்க வேண்டும்?

தாய்மாரின் உயிர் காப்பதில் இந்நாடு சிறுமைப்பட்ட நாடன்று. 1926இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு அமைக்கப்பட்டது. பின்னர் மருத்துவ மாதர் ஊரூராகச் சென்றனர். வீடு வீடாகப் படியேறினர். 1930களில் ஓர் இலட்சம் பிள்ளைப்பேற்றுக்கு 2,000 தாய்மாருக்கு மேல் மாண்ட நாட்டில், இன்று அத்தொகை ஏறக்குறைய 30 ஆகச் சுருங்கியிருக்கிறது. பிள்ளைகள் ஏறத்தாழ அனைவரும் வைத்தியசாலையிலேயே பிறக்கின்றனர். இது பெருமைப்படத்தக்க சாதனை. ஆயினும் உயிரோடு வீடு திரும்பிய தாய் அடுத்த கிழமை எதை உண்பாள் என்ற கேள்விக்கு இச்சாதனையில் விடை இல்லை.

பிள்ளை பிறந்த வீட்டில் முப்பத்தொரு நாள் துடக்கு என்பது நம்மவர் பலரின் வழக்கு. அதற்குச் சமயக் காரணம் எதுவாயினும் ஆகுக. அந்நாட்களிற் பெற்றவளுக்குப் பத்தியக் கறியும் படுக்கையும் கிடைத்தன என்பதே அதன் உலகியற் பயன். கூலிக்காரிக்கு அந்த முப்பத்தொரு நாளேனும் உண்டா? ஏழாம் மாதத்திலும் அவள் குனிந்து களை பிடுங்குகிறாள். மருந்தடித்த பயிருக்குள் இறங்குகிறாள். பெற்ற புண் ஆறுமுன் மீண்டும் வரம்பில் நிற்கிறாள். ஆறு மாதம் தாய்ப்பால் மட்டுமே ஊட்டுக என்று கிளினிக்கிற் சொல்கிறார்கள். பிள்ளை வீட்டில், தாய் வயலில் என்றால் பாலூட்டுவது எங்ஙனம்? இரத்தச்சோகை பிடித்த தாயும் நிறை குறைந்த பிள்ளையும் விதியின் விளைவு என்று நாம் ஏற்கமாட்டோம். போரிற் கணவனை இழந்து தனித்து நின்று குடும்பத்தைச் சுமக்கும் பெண்களின் பிள்ளைகள் இன்று தாமும் தாய்மாராகும் வன்னி மண்ணில், உதவிக்கு மாமியும் இல்லை, கூலி கொண்டுவரக் கொழுந்தனும் இல்லை என்ற வீடுகள் பல.

மறுப்புக் கூறுவோர் உளர். "சிறு கமக்காரன் எங்கே போய்ப் பணம் கொடுப்பான்?" என்பர். நியாயமான கேள்வி. இரண்டு பரப்புத் தோட்டக்காரன்மேல் இச்சுமையை ஏற்றினால், அவன் பிள்ளை பெறும் வயதுப் பெண்ணை வேலைக்கே அழைக்கமாட்டான். ஆகவேதான் முதலாளி கொடுக்கும் முறையை விடுத்து, அரசு நிறுவும் பொது மகப்பேற்று நிதியம் வேண்டும் என்கிறோம். "அத்தாட்சி எங்கே?" என்பர். குடும்பநல மாதின் பதிவேடே அத்தாட்சி. கர்ப்பவதியின் பெயரும், மாதமும், பேற்று நாளும் அதில் உள்ளன. தோட்டக்காரனின் கையொப்பம் எதற்கு? "போசாக்குக் கொடுப்பனவு இருக்கிறதே" என்பர். 2015இல் மாதம் 2,000 ரூபாவாகத் தொடங்கிய அத்திட்டத்தை நாம் மதிக்கிறோம். அது தாயின் உணவுக்கு, இழந்த கூலிக்கன்று. "நடக்கிற காரியமா?" என்பர். தமிழ்நாட்டில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் பெயரால் ஏழைக் கர்ப்பவதிகளுக்கான நிதியுதவித் திட்டம் 1987இலேயே தொடங்கிற்று. இந்தியாவின் 2013ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டம், வேறு வழியில் அந்நன்மையைப் பெறாத கர்ப்பவதிகளுக்கு 6,000 ரூபாவுக்குக் குறையாத தொகையை உரிமையாகவே எழுதி வைத்தது. தொகை சிறிது, கொள்கை பெரிது. முதலாளி யார் என்று அச்சட்டம் அவளைக் கேட்கவில்லை.

இன்னொரு கூட்டத்தாருக்கும் நாம் ஒன்று சொல்லவேண்டும். தமிழர் தொகை குறைகிறது, தமிழ்ப் பெண்கள் கூடுதலாகப் பிள்ளை பெறவேண்டும் என்று மேடைதோறும் முழங்குகின்றனரே, அவர்களுக்கு! பெறுவது யார்? சுமப்பது யார்? பெற்ற பின் மூன்று மாதம் அவளது அடுப்பு எரிய நீங்கள் வைத்த வழி என்ன? இனத்தின் பெயரால் ஒருத்தியின் கருப்பையிடம் கணக்குக் கேட்க எவருக்கும் உரிமையில்லை. எத்தனை பிள்ளை, எப்பொழுது என்பது அவளது முடிவு. அவள் பெறத் துணிந்தால் பட்டினி கிடவாமற் காப்பது நமது கடன்.

எனவே நாம் கேட்பது இது. கூலிக்கு உழைக்கும் பெண் எவளாயினும், வயலிலாயினும் தோட்டத்திலாயினும் நம் வீட்டு அடுக்களையிலாயினும், 84 நாட் கூலிக்கு ஈடான தொகையைப் பொது நிதியத்திலிருந்து பெறும் உரிமையைப் பாராளுமன்றம் சட்டமாக்குக. நமது உறுப்பினர்கள் இதனைத் தனிநபர் பிரேரணையாகவேனும் சபைக்குக் கொண்டுவருக. சட்டத்தரணிகளே, வரைவை எழுத முன்வாருங்கள். வைத்தியர்களே, நீங்கள் வாட்டில் நாள்தோறும் காண்பதைப் பொதுமேடையிற் சொல்லுங்கள். ஆசிரியர்களே, உத்தியோகத்தர்களே, உங்களுக்கு முழுச் சம்பளத்துடன் கிடைத்த விடுமுறை, உங்கள் வீட்டிற் சட்டி கழுவுபவளுக்குக் கிடைத்ததா என்று நினைத்துப் பாருங்கள்.

கமக்காரப் பெருமக்களே! சட்டம் வரும்வரை கைகட்டி நிற்க வேண்டியதில்லை. ஏழாம் மாதத்துக்கு மேற்பட்டவளைப் பாரம் தூக்க விடுவதில்லை, மருந்தடித்த பயிருக்குள் இறக்குவதில்லை, பெற்றவளுக்கு முப்பத்தொரு நாளேனும் அரைக்கூலி கொடுப்பது என்று உங்கள் கமக்காரர் அமைப்புகள் அடுத்த போகத்துக்கு முன்னரே தீர்மானிக்கலாம். கொழும்பிடம் நீதி கேட்கும் உரிமை நமக்கு உண்டு. அந்நீதியை நம் வரம்பில் நிற்பவளுக்கு நாமே கொடுத்துவிட்டுக் கேட்போமாயின், நமது குரலை எவராலும் மறுக்க இயலாது.