மைதானமும் பனியன் கம்பெனியும்

அமராவதி நகரிலிருந்து அவிநாசி வரையுள்ள நம் கல்லூரிகளின் அணிகள் இவ்வாண்டாவது பாரதியார் பல்கலைக்கழகப் போட்டிகளில் முன்னேறுமா என்று நண்பர்கள் கேட்கின்றனர். கூடைப்பந்தில் எனக்கு நம்பிக்கை உண்டு. பக்கத்துக் கோவையில் பி.எஸ்.ஜி. கோப்பைக்கு வங்கி அணிகளும் கடற்படை அணியும் ஆடுவதைப் பேருந்தேறிப் போய்ப் பார்த்துவிடலாம். நன்றாக ஆடினால் வேலை கிடைக்கும் என்பதும் கண்ணெதிரே தெரிகிறது.

கால்பந்துதான் கவலை. பதினொருவரும் மாலையில் ஒன்றுசேர வேண்டும். அந்நேரம் சிலர் பனியன் கம்பெனியில் கைமடியாக நிற்கின்றனர். திறமைக்கா பஞ்சம்? தமிழகத்தின் சேது அணி 2019-இல் இந்திய மகளிர் லீக்கையே வென்றதே! பயிற்சியாளரைக் குறைகூறும் ரசிகப் பெருமக்கள், ஆட்டக்காரரின் ஷிப்டுக் கூலிக்கு ஈடான உதவித்தொகை கேட்டுக் கல்லூரி முதல்வரின் அறைக்குப் போகட்டும். நானும் உடன் வருகிறேன்.