சிகரமும் சாட்சியும்

மலையேறிகள் எழுதும் சுயசரிதைகளில் ஒரு விசேஷம் உண்டு. அந்த விசேஷமே அவற்றின் அபாயமுமாகும். தேர்தலில் வென்றவர் தம் வெற்றியைப் பற்றி மிகைப்படுத்தி எழுதினால் மறுத்துரைக்க ஊரெல்லாம் ஆள் இருக்கிறது. கிரிக்கெட் ஆட்டக்காரர் இரண்டு ஓட்டங்களைக் கூட்டிச் சொன்னால் கணக்குப் புத்தகம் அவரைக் காட்டிக் கொடுத்துவிடும். மலையுச்சியிலோ வேடிக்கை பார்க்கக் கூட்டம் இல்லை. ஏறுகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு பேர். ஒருவர் எழுதியதற்கு மற்றவரே சாட்சி.

ஆகையால், இவ்வகைப் புத்தகங்களை ஒவ்வொன்றாக வாங்காமல் ஜோடியாக வாங்கிப் படிக்க வேண்டும் என்பது நமது அபிப்பிராயம். அப்படிப்பட்ட இரண்டு ஜோடிகளை இவ்வாரம் நேயர்களுக்குச் சிபாரிசு செய்கிறோம்.

முதல் ஜோடி அன்னபூர்ணாவைப் பற்றியது. 8,000 மீட்டருக்கு மேற்பட்ட சிகரங்கள் உலகில் பதினான்கு. அவற்றுள் மனிதன் முதன்முதலாக ஏறியது நேபாளத்திலுள்ள இந்த அன்னபூர்ணாவே. உயரம் 8,091 மீட்டர். அதாவது 26,545 அடி. 1950-ஆம் வருஷம் ஜூன் 3-ந் தேதி பிரெஞ்சுக் கோஷ்டியின் தலைவர் மோரீஸ் ஹெர்ஸோக், லூயி லாஷனால் ஆகிய இருவரும், பிராண வாயுக் குப்பிகளின் உதவி இல்லாமலே, அதன் உச்சியை அடைந்தார்கள். இறங்கும் வழியில் ஹெர்ஸோக்கின் கையுறைகள் நழுவிச் சரிவில் ஓடிவிட்டன. அதன் பலனாக அவருடைய கைவிரல்களும் கால்விரல்களும் போயின. பேனா பிடிக்க விரல் இல்லாத நிலையில், ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடி அவர் சொல்லச் சொல்லப் பிறர் எழுதியதே 'அன்னபூர்ணா' என்னும் நூல். 1951-ல் பிரெஞ்சு மொழியில் வெளிவந்தது, மறு வருஷமே ஆங்கிலத்தில் கிடைத்தது, லட்சக்கணக்கில் விற்றது.

கதையின் முற்பகுதி துப்பறியும் நாவலைப் போல் விறுவிறுப்பானது. கோஷ்டியார் கொண்டு போன தேசப் படமே தவறு! மலைமீது ஏறுவதற்கு முன்னால் மலைக்குப் போகும் வழியைக் கண்டுபிடிக்கவே அவர்களுக்குப் பல வாரங்கள் பிடித்தன. மழைக்காலமோ நெருங்கிக்கொண்டிருந்தது. ஆனால், இந்நூலில் ஒரு குறை. அத்தனை பேரும் ஒரே பல்லவியைப் பாடும் பஜனை கோஷ்டியாகத் தோன்றுகிறார்கள். அபசுரம் ஒன்றும் காதில் விழவில்லை. காரணம் உண்டு. ஐந்து வருஷ காலம் வேறு எவரும் எதையும் பிரசுரிப்பதில்லை என்று புறப்படு முன்பே எல்லாரிடமும் கையெழுத்து வாங்கியிருந்தார்கள்.

இனி மற்றச் சாட்சியைக் கூப்பிடுவோம். லாஷனால் மலை வழிகாட்டியாகப் பிழைப்பவர். அவருக்குக் கால் என்பது வக்கீலுக்கு நாக்கு மாதிரி. உச்சியை நெருங்கும் போது பாதங்கள் மரத்துப் போவதை உணர்ந்த அவர், தாம் திரும்பிவிட்டால் ஹெர்ஸோக் என்ன செய்வார் என்று கேட்டார். தனியாகவே போவதாக ஹெர்ஸோக் பதில் சொன்னார். அப்படியானால் தாமும் வருவதாகச் சொல்லி லாஷனால் உடன் நடந்தார். இந்தச் சம்பாஷணையை ஹெர்ஸோக்கும் மறைக்கவில்லை. ஆனால், அதில் அவர் கண்டது இருவரையும் பிணைத்த உற்சாகத்தை. லாஷனாலின் குறிப்புகளோ வேறு விதமாகப் பேசுகின்றன. தாம் போகாவிட்டால் இந்த மனிதர் உயிரோடு திரும்ப மாட்டார் என்ற ஒரே காரணத்துக்காகத்தான் போனாராம். தேசத்தின் கௌரவத்துக்காக அல்ல, சிநேகிதனின் உயிருக்காக. அதற்கு அவர் கொடுத்த விலை பத்துக் கால்விரல்கள்.

ஐந்து வருஷக் கெடு முடிந்த 1955-லேயே லாஷனால் பனிப்பிளவில் விழுந்து காலமானார். மறு வருஷம் அவர் குறிப்புகள் புத்தகமாக வந்தன. பதிப்பித்தவர் ஹெர்ஸோக்கின் சொந்தச் சகோதரர்! வேண்டாத வாக்கியங்கள் எல்லாம் கத்தரிக்கோலுக்கு இரையாயின. முழு வாசகம் வெளிவர 1996 வரையில் காத்திருக்க வேண்டியதாயிற்று. ஹெர்ஸோக் பொய்யர் என்று நாம் சொல்ல வரவில்லை. தாம் கண்டதை அவர் சொன்னார். உடன் வந்தவன் கண்டதைச் சொல்ல விடாததுதான் குற்றம்.

இவ்விரண்டையும் படித்தவர்கள் அதே கோஷ்டியைச் சேர்ந்த லியோனெல் டெரே 1961-ல் வெளியிட்ட சுயசரிதையையும் தேடிப் பிடிக்க வேண்டும். தலைப்பின் பொருள், 'பயனற்றவற்றை வென்றவர்கள்' என்பது. வீங்கிப் போன பாதங்கள் பூட்ஸுக்குள் நுழையாமல் லாஷனால் தவித்தபோது, தம்முடைய பெரிய பூட்ஸைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, அவருடைய சிறிய பூட்ஸைக் கத்தியால் கீறித் தாம் மாட்டிக்கொண்ட மனிதர் இவர். எழுத்தழகில் மூன்றினுள் முதலிடம் இவர் நூலுக்கே.

சுமை தூக்கிய ஷெர்ப்பாக்கள் என்ன சொல்லுகிறார்கள் என்று நேயர்கள் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. அன்னபூர்ணாவில் ஷெர்ப்பாக்களின் தலைவராயிருந்த ஆங் தார்க்கேயை உச்சிக்கு உடன் வரும்படி ஹெர்ஸோக் அழைத்தார். பாதம் விறைக்கத் தொடங்கிவிட்டது என்று சொல்லி ஆங் தார்க்கே மரியாதையுடன் மறுத்துக் கீழே இறங்கினார். புத்திசாலி! அவர் சொன்ன கதை 1954-ல் பிரெஞ்சில் வந்தது. ஆங்கிலத்தில் வந்ததோ 2016-ல்தான்.

இரண்டாவது ஜோடி எவரெஸ்டைப் பற்றியது. 1953-ஆம் வருஷம் மே 29-ந் தேதி டென்ஸிங்கும் ஹில்லாரியும் உச்சியில் நின்றார்கள். அவ்வருஷமே கோஷ்டித் தலைவர் ஜான் ஹண்ட்டின் நூல் வெளிவந்தது. அதில் உச்சியைப் பற்றிய அத்தியாயத்தை எழுதியவர் ஹில்லாரி. ஒழுங்கும் திட்டமும் நிறைந்த நூல். எந்தக் கூடாரத்துக்கு எத்தனை மூட்டை போயிற்று என்பதைக் கணக்குப் பிள்ளையைப் போல் சொல்லுகிறது. இதனுடன் சேர்த்து, 1955-ல் வெளியான டென்ஸிங்கின் சுயசரிதையைப் படிக்க வேண்டும். டென்ஸிங்குக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அவர் வாய்மொழியாகச் சொன்னதை ஜேம்ஸ் ராம்ஸே அல்மன் என்ற அமெரிக்க எழுத்தாளர் எழுதினார்.

எவரெஸ்டுக்கு டென்ஸிங் போனது அது ஏழாவது தடவை. முதல் தடவையாகிய 1935-ல் அவர் வெறும் சுமையாள். 1952-ல் லாம்பேர் என்னும் ஸ்விஸ் நண்பருடன் சுமார் 28,200 அடி வரை ஏறித் திரும்பினார். அந்த நண்பர் கொடுத்த சிவப்புக் கழுத்துத் துணியை உச்சியிலும் அணிந்திருந்தார். மகள் கொடுத்த ஒரு பென்ஸிலையும் கொஞ்சம் மிட்டாயையும் பனியில் புதைத்துக் காணிக்கையாக்கினார்.

செங்குத்தான ஓரிடத்தில் ஏறி வந்த தம்மை, கரையில் இழுத்துப் போட்ட மீனுக்கு ஹில்லாரி ஒப்பிட்டது டென்ஸிங்கின் மனத்தைப் புண்படுத்தியது. அதை அவர் ஒளிக்காமல் சொல்லுகிறார். ஆனால், இந்நூலின் பெருமை அதில் இல்லை. யார் முதலில் காலடி வைத்தது என்ற கேள்வியால் அந்நாளில் இந்தியாவும் நேபாளமும் அல்லோலகல்லோலப்பட்டன. டென்ஸிங்தான் என்று சொல்லிவிட வேண்டுமென்று ஜனங்கள் துடித்தார்கள். இருவரும் ஏறக்குறைய ஒன்றாகவே அடைந்ததாகக் காட்மாண்டுவில் கையெழுத்திட்ட அறிக்கை ஒருவரையும் திருப்திப்படுத்தவில்லை. இரண்டு வருஷம் கழித்து டென்ஸிங்கே அந்த முடிச்சை அவிழ்த்தார்: ஹில்லாரி முன்னால் வைத்தார், அடுத்தது நான். இந்தப் பதிலால் தமக்குப் பெருமை குறையுமானால் குறையட்டும் என்பது அவர் நிலை. மாலை போட்டவர்கள் எதிர்பார்த்த பொய்யைச் சொல்ல மறுப்பதற்கு, எவரெஸ்டில் ஏறுவதைக் காட்டிலும் அதிகமான மன உறுதி வேண்டும். தேச பக்தி உள்ளவர்கள் அவரைப் பற்றிப் பெருமைப்பட வேண்டிய இடம் இதுவே.

பெண் குழந்தைகள் உள்ள வீட்டார் பச்சேந்திரி பாலின் புத்தகத்தையும் மறந்துவிடக் கூடாது. 1984-ஆம் வருஷம் மே 23-ந் தேதி எவரெஸ்டை அடைந்த முதல் இந்தியப் பெண்மணி இவர். சில தினங்களுக்கு முன் நள்ளிரவில் பனிச்சரிவு கூடாரத்தின் மேல் விழுந்து, அவர் தலையிலும் அடிபட்டது. அப்படியிருந்தும் இறங்கிவிடாமல் ஏறினார். சின்னப் புத்தகம்; அலங்காரம் இல்லாத நடை.

எல்லாவற்றையும் வாங்க முடியாதவர்களுக்கு நமது யோசனை இது. சிறுவர் சிறுமியர்க்கு முதலில் டென்ஸிங். பெரியவர்கள் ஹெர்ஸோக்கில் தொடங்கலாம். ஆனால், லாஷனால் சொன்னதையும் கேட்டறியாமல் தீர்ப்புச் சொல்ல வேண்டாம். மொழிநயத்துக்காகப் படிப்பவர்கள் டெரேயிடம் செல்லட்டும். ஒரே ஒரு புத்தகத்துக்குத்தான் பணம் இருக்கிறது என்றால், எழுதத் தெரியாத மனிதரின் புத்தகத்தையே வாங்குங்கள்.