"என்ன பயன்?" என்பது முதற் கேள்வியா?

மின்மாற்றியின் அருகே நின்றால் ஓயாத ஒரு முரலொலி கேட்கும். உள்ளேயிருக்கும் இரும்புத் தகடுகள் காந்தப் புலத்தில் நொடிக்கு 100 முறை நீண்டு சுருங்குவதே அதற்கு முக்கிய காரணம். காந்தமாக்கினால் இரும்பின் நீளம் மாறுவதை 1842-ல் ஜூல் கண்டறிந்தார். இது காந்தப் பரிமாண மாற்றம் எனப்படும். ஒரு மீட்டர் இரும்புத் தண்டில் இம்மாற்றம் ஒரு மயிரிழையின் பருமன்கூட இராது.

1960களில் டெர்பியம், டிஸ்புரோசியம் என்னும் அருமண் உலோகங்களைக் கடுங்குளிரில் வைத்து அளந்தார்கள். மீட்டருக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் மாற்றம்! ஆனால் டெர்பியம் சுழிக்குக் கீழே சுமார் 50 பாகை செல்சியசிலேயே தன் காந்தத் தன்மையை இழந்துவிடுகிறது. டிஸ்புரோசியத்துக்கோ இன்னும் கடுங்குளிர் வேண்டும். அறை வெப்பநிலையில் உதவாத இந்த ஆராய்ச்சியால் என்ன பயன் என்று அன்று எவரும் கேட்டிருக்கலாம்.

குளிரில் செய்த அளவீடுகள் "ஏன்?" என்பதற்கு விடை தந்தன. அருமண் அணுவின் உட்கூட்டு எலெக்ட்ரான் முகில் உருண்டையாக இல்லை. அணுவின் காந்தத் திசை திரும்பும்போது முகிலும் உடன் திரும்பி, அண்டை அணுக்களைத் தள்ளுகிறது. வெப்பம் ஏறினால் காந்த ஒழுங்கு குலைகிறதே தவிர, முகிலின் வடிவம் கெடுவதில்லை. அப்படியானால், ஒழுங்கைக் காக்க வல்ல துணை ஒன்று போதுமல்லவா? அத்துணைதான் இரும்பு. 1970களின் தொடக்கத்தில் அமெரிக்கக் கப்பற்படை ஆய்வகத்தில் ஆர்தர் கிளார்க் குழுவினர் டெர்பியம்-இரும்புச் சேர்மத்தை ஆராய்ந்தனர். அது அறை வெப்பநிலையிலேயே பெரிதும் நீண்டது. ஆனால் அதற்கு மிக வலிய புலம் தேவைப்பட்டது. டிஸ்புரோசியத்தையும் சேர்த்து அத்தேவையைக் குறைத்தனர். இவ்வாறு பிறந்த டெர்ஃபினால்-டி மீட்டருக்கு 1 முதல் 2 மில்லிமீட்டர் வரை நீளும். நீருக்கடியில் ஒலியெழுப்பும் கருவிகளில் அது பயன்படுகிறது.

கப்பற்படை பயனை எதிர்பார்த்துத்தானே பணம் கொடுத்தது என்று சிலர் கேட்பர். உண்மைதான். ஆனால் பயனை மட்டுமே அளவுகோலாகக் கொண்டிருந்தால், குளிரில் மட்டுமே வேலை செய்யும் உலோகங்களை அன்றே ஒதுக்கியிருப்பார்கள். இரும்பைச் சேர்க்கும் எண்ணமே எழுந்திராது.

மாணவர்களே, பயனைப் பற்றிக் கேட்பது தவறன்று, கேட்கத்தான் வேண்டும். ஆனால் அது இரண்டாவது கேள்வியாக இருக்கட்டும். பாடத்தில் புதிய விளைவு ஒன்றைப் படிக்கும்போது, அது எங்கே பயன்படுகிறது என்ற பட்டியலை மனப்பாடம் செய்வதற்கு முன், அது ஏன் நிகழ்கிறது என்று உங்கள் ஆசிரியரைக் கேளுங்கள்.