விறகுச் சுவரும் கண்ணாடிக் கட்டியும்

மரக்கட்டையை அடுப்பில் வைக்கலாம், மேசை நாற்காலி செய்யலாம். செங்கல்லுக்குப் பதிலாக அடுக்கிச் சுவர் எழுப்பலாமா? அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்திலும் கனடாவிலும் நூறு வருடங்களுக்கு முன்பே எழுப்பியிருக்கிறார்கள். 'கார்ட்வுட்' சுவர் என்று பெயர். விறகுக்கடையில் கட்டைகளை அடுக்கி வைத்திருப்பார்களே, அதே மாதிரிதான். இடையில் சாந்து இருக்கும், அவ்வளவே வித்தியாசம்.

"மரம் மக்கிப் போகாதா?" என்பதுதான் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி. போலந்திலிருந்து குடியேறிய குரூசா குடும்பத்துக்காக 1884ல் இப்படிக் கட்டிய வீடு, 'ஓல்ட் வேர்ல்ட் விஸ்கான்சின்' என்ற திறந்தவெளி அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கட்டையின் இரண்டு முனைகளும் திறந்திருப்பதால் உள்ளே போன ஈரம் வந்த வழியே வெளியேறி விடும். கூரை நன்றாக வெளியே நீண்டிருக்க வேண்டும், சுவரின் அடி தரையிலிருந்து உயர்ந்திருக்க வேண்டும். இந்த இரண்டையும் விட்டால் மக்கத்தான் செய்யும்!

சாந்தைச் சுவர் முழுக்க நிரப்புவதில்லை. உள்பக்கம் ஒரு வரிசை, வெளிப்பக்கம் ஒரு வரிசை. நடுவில் சுண்ணாம்பு கலந்த மரத்தூள். அதுதான் சாந்து வழியே குளிர் ஊடுருவாமல் தடுக்கிறது. நியூயார்க் மாநிலத்தில் 1981ல் எர்த்வுட் என்ற கட்டடப் பள்ளியைத் தொடங்கிய ராப் ராய் பரவலாக்கிய கணக்கு இது: மணல் 9 பங்கு, ஊறவைத்த மரத்தூள் 3, சுண்ணாம்பு 3, சிமெண்ட் 2. ஊறிய தூள் ஈரத்தைப் பிடித்து வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக விடும். சாந்து மெதுவாகக் காயும், வெடிப்பு குறையும்.

சரி, கண்ணாடி எங்கே வந்தது? எர்த்வுட் வீட்டின் சுவர் கனம் 16 அங்குலம். இவ்வளவு கனமான சுவரில் ஜன்னல் வைத்தால் குகை வாசல் போல இருக்கும், அறைக்குள் வெளிச்சம் குறையும். அதனால் கட்டைகளுக்கு நடுவே கண்ணாடிக் கட்டிகளை (கிளாஸ் பிளாக்) பதிக்கிறார்கள். ஒரு கட்டியின் கனம் சுமார் 4 அங்குலம் தான். எனவே உள்பக்கம் ஒன்று, வெளிப்பக்கம் ஒன்று வைத்து, இடையில் பளபளப்பான அலுமினியத் தகடு சுற்றினால் வெளிச்சம் குழாய் வழியே வருவது போல வந்து சேரும்.

இங்கேதான் பலர் வழி தவறுகிறார்கள். அழகாக இருக்கிறதே என்று சுவர் முழுக்கக் கண்ணாடியைத் தூவி விடுகிறார்கள். கண்ணாடி, மரத்தூள் அளவுக்குக் குளிரைத் தடுக்காது. பாரமும் தாங்காது. கட்டை சுருங்கும், விரியும்; கண்ணாடி அதோடு சேர்ந்து அசையாது. நிறைய வேண்டுமென்றால் தனி மரச்சட்டம் அடித்து, மேலே பாரத்தைத் தாங்க ஒரு உத்திரம் போட்டு, அதற்குள் வைப்பதே முறை.

அது எந்த இடத்தில்? குளியலறை, மாடிப்படி மாதிரி வெளிச்சம் வேண்டும், ஆனால் வெளியாள் பார்க்கக் கூடாது என்ற இடங்களில். அங்கே கண்ணாடிக் கட்டிக்கு நிகர் கிடையாது. மற்ற இடங்களில் திறந்து மூடும் ஜன்னலே நல்லது. வெளிச்சம் தரும் கட்டி காற்றைத் தராதே!

இன்னொரு விஷயம், செலவு. "காசே இல்லாமல் வீடு" என்று சொல்வது பாதி உண்மைதான். கட்டை மலிவு, உழைப்பு மலிவல்ல. பட்டை உரித்து, அளவாக அறுத்து, மாதக்கணக்கில் காய வைக்க வேண்டும். ஈரக்கட்டையை வைத்தால் சுருங்கி இடைவெளி விடும். நன்கு காய்ந்த வன்மரத்தை வைத்தால் மழையில் ஊதிச் சுவரையே தள்ளி விடும். இதனால்தான் சீடார் போன்ற மென்மரங்களைத் தேடுகிறார்கள். சேமிப்பை எல்லாம் போட்டுக் கட்டுபவரிடம் இதை முதலிலேயே சொல்லாமல் அழகான படங்களை மட்டும் காட்டுவது நியாயமில்லை.

ஆனால் ஒன்று. கனமான கல்லைத் தூக்க முடியாத பாட்டியும், பள்ளிக்கூடம் போகும் பையனும் ஆளுக்கொரு கட்டையாக வைத்துக் கட்டக்கூடிய சுவர் இது. பொறுமை இருப்பவர்கள் தாராளமாக இறங்கலாம். அவசரக்காரர்கள் செங்கல் வாங்கிக் கொள்வதே புத்திசாலித்தனம்.