கடல் கடத்தப்பட்டோர் யாருடைய முன்னோர்?

பினாங்கின் பெருமை நம்மவர் இல்லங்களில் பேசி ஓயாத பேச்சு. பாட்டனார் சபர் சென்றார், கடை வைத்தார், பொருள் ஈட்டினார் என்போம். 1801இல் காதர் முகைதீன் முன்னின்று எழுப்பிய கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலை இன்றும் உரிமையோடு சுட்டிக் காட்டுவோம். நன்று. ஆனால், அதே தீவில் அடுத்த ஆண்டே கைதிகளாக இறக்கப்பட்ட தமிழர்களைப் பற்றி நாம் வாய் திறப்பதில்லையே, அது ஏன்?

1801 அக்டோபர் 24இல் மருதிருவர் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டனர். அத்தோடு கதையை முடித்துக்கொள்வது நம் மேடைகளின் வழக்கம். கதையோ முடியவில்லை. 1802 பிப்ரவரியில் தூத்துக்குடியிலிருந்து எழுபதுக்கும் மேற்பட்டோர் பினாங்குக்கு நாடு கடத்தப்பட்டனர். சிவகங்கை மன்னராக இருந்த வேங்கன் பெரிய உடையணத் தேவர் அவர்களுள் ஒருவர். சின்ன மருதுவின் இளம் மகன் துரைசாமி மற்றொருவர். மருதிருவரை எதிர்த்த படையில் பணியாற்றிய ஜேம்ஸ் வெல்ஷ் என்னும் ஆங்கில அதிகாரி, 1818இல் துரைசாமியைப் பினாங்கில் கண்டார். பதினாறே ஆண்டுகளில் அந்த இளைஞர் உருக்குலைந்து கிழவரைப் போல் நின்றதைக் கண்டு நெஞ்சம் நொந்ததாகத் தம் நினைவு நூலில் எழுதினார். பகைவனின் ஏட்டில் இரக்கம் இருக்கிறது. நம் நாவில் அவர் பெயரேனும் இருக்கிறதா?

"அது சிவகங்கைச் சீமையின் செய்தி, நமக்கென்ன?" என்பாரும் உளர். 1801 ஜூன் 16இல் திருச்சியில் ஒட்டப்பட்ட மருதுவின் அறிக்கை, எல்லா வருணத்தாரோடும் முசல்மான்களையும் பெயர் சொல்லி அழைத்தது. அழைப்பு நமக்கும் உரியது என்றால், அதற்கு விலை கொடுத்தோர் நமக்கு எங்ஙனம் அயலாராவர்?

அயர்லாந்தைப் பாருங்கள். 1798 கிளர்ச்சியில் தோற்ற ஐரிஷ்காரர் பலரை இதே பேரரசுதான் ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸுக்குக் கப்பலேற்றியது. அங்கும் அவர்கள் அடங்கவில்லை. 1804 மார்ச்சில் காசில் ஹில்லில் பிலிப் கன்னிங்ஹாம் தலைமையில் எழுந்தனர், வீழ்ந்தனர். திருட்டுக் குற்றத்துக்காக அக்கரை சேர்க்கப்பட்ட ஏழைகளோ பல்லாயிரவர். இன்று ஆஸ்திரேலியக் குடும்பங்கள் பழைய கப்பல் பட்டியல்களைப் புரட்டி, தம் மரபில் ஒரு கைதி உண்டா என்று தேடுகின்றன. கண்டால் பெருமை கொள்கின்றன. கைதிகளின் வரலாறு கூறும் 11 இடங்களை யுனெஸ்கோ 2010இல் உலக மரபுச் சின்னமாக ஏற்றது.

நம் நிலை என்ன? 1825 முதல் 1873 வரை சிங்கப்பூரில் இந்தியக் கைதிகள் சதுப்பைத் தூர்த்தனர், சாலை அமைத்தனர், புனித ஆண்ட்ரூஸ் தேவாலயத்தைக் கட்டினர். சென்னை மாகாணத்தவரும் அவர்களுள் இருந்தனர். "கொலைகாரரும் கொள்ளையரும்தாமே?" என்று அவர்களை ஒதுக்குவோரை ஒன்று கேட்கிறேன். குற்றம் புரிந்தோர் இருந்தனர், மறுப்பாரில்லை. ஆனால், சட்டம் விதித்த தண்டனை மிஞ்சினால் அவரவர் ஆயுளளவே. தலைமுறை தலைமுறையாக மறதி என்னும் தண்டனையை விதித்தவர் யார்? நாமன்றோ!

கும்பினியின் பழைய ஏடுகள் எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. கற்ற நம் இளைஞர் அவற்றைப் புரட்டட்டும். பினாங்கு செல்லும் குடும்பத்தார், கப்பித்தான் கிளிங் பள்ளியில் தொழுதெழுந்த பின், அத்துறையில் இறங்கிய நம்மவர் எல்லாரும் கடை திறக்க வந்தவர்கள் அல்லர் என்பதையும் தம் மக்களுக்குச் சொல்லட்டும். செல்வரை மட்டுமே முன்னோர் என்று எண்ணும் சமுதாயம், தன் வரலாற்றில் பாதியைத் தானே நாடு கடத்திவிடுகிறது.