ஆபரேஷனுக்குப் பிறகு அக்குபங்சர்: வலி மருந்துக்கு மாற்றா, துணையா?

1971 ஜூலையில் சீனா சென்றிருந்த ‘நியூயார்க் டைம்ஸ்’ பத்திரிகையாளர் ஜேம்ஸ் ரெஸ்டனுக்கு, பெய்ஜிங்கில் திடீரென குடல்வால் அழற்சி. உடனே ஆபரேஷன். ‘மயக்க மருந்தே இல்லாம, வெறும் ஊசி குத்தியே வயிற்றைக் கிழிச்சாங்களாம்’ என்ற கதை பிறகு பரவியது. இன்றும் பலர் அப்படித்தான் நம்புகிறார்கள்.

நடந்தது வேறு. வழக்கமான மரத்துப்போகும் ஊசி போட்டுத்தான் ஆபரேஷன் செய்தார்கள். இரண்டாம் நாள் இரவு வயிறு உப்பி அவர் அவதிப்பட்டபோதுதான் அக்குபங்சர் வந்தது. வலது முழங்கையிலும் முழங்கால்களுக்குக் கீழேயும் ஊசிகளைச் செருகினார்கள். மூலிகையைப் புகையவிட்டு வயிற்றருகே சூடு காட்டினார்கள். ஒரு மணி நேரத்துக்குள் உப்புசம் குறைந்ததாக ரெஸ்டனே எழுதினார்.

இந்த வித்தியாசம் ஏன் முக்கியம்?

அக்குபங்சர் அங்கே மருத்துவத்துக்குத் துணையாக வந்தது, மாற்றாக அல்ல. ஆய்வுகள் காட்டுவதும் ஏறக்குறைய அதைத்தான். ஆபரேஷனுக்குப் பிந்தைய குமட்டல், வாந்திக்கும் பல் அறுவைசிகிச்சைக்குப் பிந்தைய வலிக்கும் இது பலன் தருவதாக 1997-ல் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனங்கள் கூட்டிய நிபுணர் குழு சொன்னது. குமட்டலுக்குத் தூண்டப்படும் ‘நெய்குவான்’ புள்ளி, உள்பக்க மணிக்கட்டு ரேகையிலிருந்து முழங்கை நோக்கி மூன்று விரல் அகலத்தில் இருக்கிறது. ஊசி நரம்பைத் தூண்டும்போது, உடலின் சொந்த வலி நிவாரணியான எண்டார்ஃபின் சுரக்கிறது என்பது ஒரு முக்கிய விளக்கம்.

மார்ஃபின் போன்ற மருந்துகள் வலியை அடக்கும். கூடவே குமட்டல், மலச்சிக்கல், மயக்கநிலை, அளவு மீறினால் மூச்சுத் தடுமாற்றமும் வரும். அந்த மருந்தின் தேவை கொஞ்சம் குறைந்தாலே நோயாளிக்கு லாபம்தான். ஆனால், பொய்யாக ஊசி குத்தினாலும் பலருக்கு வலி குறைவதை ஆய்வுகளில் பார்க்கிறோம். எனவே ‘எல்லா வலியும் பறந்துடும்’ என்ற விளம்பரத்தை நம்ப வேண்டியதில்லை.

மூலிகைகளில் எச்சரிக்கை

‘இயற்கைதானே, என்ன செஞ்சிடப் போகுது?’ என்று நினைப்பது ஆபத்து. சீன மூலிகையான டான்ஷென், ரத்த உறைவைத் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரையுடன் சேர்ந்தால் ரத்தக்கசிவு அபாயம் கூடும். எந்த மூலிகை எடுத்தாலும் ஆபரேஷனுக்கு முன்பே மயக்க மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும்.

ஊசி வைத்துக்கொள்ள விரும்பினால், அறுவைசிகிச்சை செய்த மருத்துவரிடம் கேட்டுவிட்டு, ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் ஊசிதானா என்று பார்த்துச் செய்துகொள்ளலாம். வலி நாளுக்கு நாள் ஏறினாலோ, காய்ச்சல் அடித்தாலோ, தையலில் சீழ் வைத்தாலோ முதலில் போக வேண்டிய இடம் ஆஸ்பத்திரி.